மச்சினனோடு கூட்டுத் தொழில்: மாதிரி டீடில் பேரை மாற்றிப் போட்டால் போதுமா?

3 ஜூன் 2025, அவிநாசி வாசகர் ஒருவர் கேட்டது

நானும் என் மச்சினனும் சேர்ந்து திருப்பூர்ல பவர்டேபிள் (துணி தைக்கிற) யூனிட் போடறமுங்க. நான் 12 லட்சம், அவன் 3 லட்சம். லாபம் 60:40ன்னு பேசிக்கிட்டோம். தொழில் அவனுக்குத்தான் தெரியும், யூனிட்டையும் அவன்தான் பார்த்துக்குவான். கரண்ட் அக்கவுண்ட் தொறக்கறதுக்கு டீட் (கூட்டு ஒப்பந்தப் பத்திரம்) வேணும்னு பேங்க்ல கேக்கறாங்க. ஃபிரண்டு ஒருத்தர் அவங்க டீடை அனுப்பியிருக்கார். பேரை மாத்தி, நோட்டரி வாங்கிட்டாப் போதும்கிறார். சொந்தத்துக்குள்ள இதுக்கு மேல என்னங்க வேணும்?

3 ஜூன், மாலை

போதாது தம்பி. ஈரோட்டில் வரிக் கணக்கு பார்க்கிற ஆபீஸ் என்னுடையது. டீட் எழுதுவது என் அன்றாட வேலை. சொந்தத்துக்குள் என்பதால்தான் கூடுதலாக எழுத வேண்டும்.

டீடில் நீங்கள் எழுதாமல் விட்ட இடத்தையெல்லாம் 1932-ஆம் வருடத்து இந்தியக் கூட்டாண்மைச் சட்டம் நிரப்பிவிடும். அது நிரப்புகிற விதம் உங்களுக்குப் பிடிக்காது. 13-ஆம் பிரிவைப் பாருங்கள். வேறு ஒப்பந்தம் இல்லையென்றால் லாபமும் சமம், நஷ்டமும் சமம். 12 லட்சம் போட்டவருக்கும் 3 லட்சம் போட்டவருக்கும் ஒரே பங்கு. காலையிலிருந்து இரவு வரை யூனிட்டில் நிற்கும் உங்கள் மச்சினனுக்குச் சம்பளம் கிடையாது. உங்கள் 12 லட்சத்துக்கு வட்டியும் கிடையாது. முதலுக்கு மேலே கடனாகப் பணம் போட்டால் அதற்கு மட்டும் வருடம் 6 சதவீதம்.

அதாவது, ஒன்றும் எழுதாமல் விட்டால் பணம் போட்டவருக்கும் நஷ்டம், உழைத்தவருக்கும் நஷ்டம்.

3 ஜூன், இரவு

மேலே எழுதியதைப் படித்துவிட்டு ஒருவர், “வாய்ப்பேச்சும் ஒப்பந்தம்தானே?” என்று கேட்டிருக்கிறார். உண்மைதான். கூட்டாண்மைச் சட்டம் எழுத்தைக் கட்டாயமாக்கவில்லை. 60:40 என்று பேசி, இரண்டு வருடம் அப்படியே கணக்கெழுதி எடுத்துக்கொண்டிருந்தால் அந்த நடத்தையே சான்றாகும்.

ஆனால் வருமான வரிக்கு எழுத்து வேண்டும். வருமான வரிச் சட்டம் எழுதப்பட்ட ஆவணத்தைக் கேட்கிறது, அதில் ஒவ்வொருவர் பங்கும் குறிப்பிட்டிருக்க வேண்டும் என்கிறது. அது இல்லையென்றால் பங்குதாரர் சம்பளம், வட்டி எதையும் செலவாகக் கழிக்க முடியாது. மொத்த லாபத்துக்கும் 30 சதவீத வரி விழும். வாய்ப்பேச்சை நம்பித் தொழில் தொடங்கலாம், வரி கட்டும்போது கை சுடும்.

4 ஜூன்

மாதிரி டீட் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். குழந்தைகள் உடுப்பு தைக்கிற ஒரு யூனிட்டின் டீடை என்னிடம் கொண்டுவந்தார்கள். தொழிலின் தன்மை என்ற இடத்தில் “நெல் கொள்முதல் செய்து, அவித்து, அரைத்து விற்பனை செய்தல்” என்று இருந்தது. யாரோ ஒரு ரைஸ் மில்காரர் டீடிலிருந்து இறங்கி வந்த வரி. இரண்டு பேரும் நான்கு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள்.

சிரித்துவிட்டுப் போகிற விஷயமில்லை இது. ஒரு பங்குதாரர் செய்கிற காரியம் மற்றவரைக் கட்டுப்படுத்துமா என்பதை, அது அந்தத் தொழிலின் வழக்கமான காரியமா என்று பார்த்துத்தான் முடிவு செய்வார்கள். தொழிலின் தன்மையை மாற்ற வேண்டுமானால் எல்லாப் பங்குதாரரும் சம்மதிக்க வேண்டும், பெரும்பான்மை போதாது என்று 12-ஆம் பிரிவு சொல்கிறது. நாளைக்கு மச்சினன் ஜாப் ஒர்க்கை (பிறர் துணியைக் கூலிக்குத் தைப்பதை) விட்டுவிட்டுச் சொந்தமாகத் துணி வாங்கி எக்ஸ்போர்ட் பண்ணலாம் என்று இறங்கினால், அது தொழிலுக்குள் அடங்குமா அடங்காதா? டீடில் அந்த ஒரு வரிதான் பேசும்.

6 ஜூன்

இதை எழுதத்தான் முதலிலிருந்தே நினைத்தேன். மரணம். இரண்டு பேரும் வயதில் சின்னவர்கள், இதைப் பேச மனசு வராது. பேசியாக வேண்டும்.

என் அப்பா ஒரு நண்பரோடு சேர்ந்து நூல் கமிஷன் வியாபாரம் செய்தார். இரண்டே பங்குதாரர்கள். டீடில் தெளிவாக எழுதியிருந்தார்கள்: “பங்குதாரரில் ஒருவர் காலமானால் நிறுவனம் கலையாது, அவருடைய வாரிசு அவர் இடத்தில் சேர்ந்துகொள்வார்.” அப்பா இறந்ததும் அந்த வரியை நம்பித்தான் அம்மாவும் நாங்களும் இருந்தோம். பேங்கில் கணக்கை நிறுத்திவிட்டார்கள். கணக்கில் பணம் இருந்தும் மில்லுக்குச் செக் போகவில்லை. அப்பாவின் நண்பர் தங்கமான மனிதர், எங்களை ஒரு நாளும் ஏமாற்ற நினைத்தவரில்லை. ஆனால் அவராலும் ஒன்றும் செய்ய முடியவில்லை. வாரிசுச் சான்றிதழ் வாங்கி, புது டீட் போட்டு, புது பான் எடுத்து முடிப்பதற்குள் வரவேண்டிய பாக்கியில் பாதிப் பேர் கைவிரித்துவிட்டார்கள்.

அந்த வரி ஏன் உதவவில்லை என்பதை இந்தத் தொழிலுக்கு வந்தபிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். 42-ஆம் பிரிவுப்படி ஒரு பங்குதாரர் இறந்தால் கூட்டு கலையும். ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதினால் கலையாது. ஆனால் இரண்டே பேர் இருக்கிற கூட்டில் அப்படி எழுதினாலும் பயனில்லை என்று சேட் கோவிந்தராம் சர்க்கரை ஆலை வழக்கில் 1965-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஒருவர் போனபின் மிச்சம் இருப்பது ஒரே ஆள். ஒரே ஆளுக்குப் பெயர் கூட்டு இல்லை. வாரிசு உள்ளே வர விரும்பினால் அது புதிதாகப் பிறக்கிற கூட்டு, அதற்கு வாரிசின் சம்மதமும் வேண்டும். இறந்தவர் தன் மகனைப் பங்குதாரராக விட்டுச்செல்ல முடியாது. பங்கின் மதிப்பை மட்டும்தான் விட்டுச்செல்லலாம்.

தம்பி, நீங்களும் இரண்டே பேர்.

7 ஜூன்

“அப்படின்னா என் சம்சாரத்தை மூணாவது பார்ட்னரா சேத்திடலாமுங்களா?” என்று கேட்டிருக்கிறீர்கள். நிறையப் பேர் செய்வதுதான். மூன்று பேர் இருந்து, ஒருவர் இறந்தாலும் மற்ற இருவரும் தொடர்வார்கள் என்று எழுதினால் அது நிற்கும்.

ஆனால் இரண்டு விஷயத்தை யோசியுங்கள். 25-ஆம் பிரிவுப்படி, பங்குதாரராக இருந்த காலத்துக் கடனுக்கு ஒவ்வொருவரும் தனியாகவும் பொறுப்பு, சேர்ந்தும் பொறுப்பு. 5 சதவீதப் பங்கு கொடுத்துச் சேர்த்தாலும் கடன்காரர் முழுத் தொகையையும் உங்கள் சம்சாரத்திடம் கேட்கலாம். அவர் பேரில் வீடு இருக்கிறதா? அப்படியானால் ஒரு முறைக்கு இரண்டு முறை யோசியுங்கள்.

இன்னொன்று சட்டத்தில் இல்லாதது. உங்களுக்கு மனைவி, அவருக்கு அக்கா. தகராறு என்று வந்தால் நடுவில் நின்று நசுங்கப்போவது அந்தப் பெண். மூன்றாவது கையெழுத்து வேண்டும் என்பதற்காக மட்டும் ஒருவரை அந்த இடத்தில் நிறுத்துவது எனக்குச் சம்மதமில்லை. அவருக்குக் கணக்குப் பார்க்கத் தெரியும், தொழிலுக்கு வருவார் என்றால் தாராளமாகச் சேருங்கள், உரிய பங்கும் கொடுங்கள்.

இரண்டு பேராகவே இருப்பதானால் டீடில் வேறு விதமாக எழுத வேண்டும். ஒருவர் இறந்தால் கூட்டு கலைந்ததாகக் கொள்ளப்படும், உயிரோடு இருப்பவர் மெஷின், ஸ்டாக், கட்டட அட்வான்ஸ், பாக்கி எல்லாவற்றையும் இன்ன மதிப்பில் எடுத்துக்கொண்டு தொழிலைத் தொடரலாம், இறந்தவர் குடும்பத்துக்கு இத்தனை மாதத்துக்குள் இத்தனை தவணையில் பணம் கொடுக்க வேண்டும், வாரிசு தொழிலுக்கு வர விரும்பினால் புது டீட் போட்டுச் சேர்த்துக்கொள்ள வேண்டும். இப்படி எழுதினால் நீதிமன்றத் தீர்ப்போடு முட்டாது, குடும்பமும் தெருவில் நிற்காது.

7 ஜூன், பின்குறிப்பு

குழந்தை பேரைப் போடலாமா என்று இன்னொருவர். 18 வயது ஆகாதவரை முழுப் பங்குதாரராக்க முடியாது. லாபத்தில் மட்டும் பங்கு கொடுத்துச் சேர்க்கலாம், அதற்கும் எல்லாப் பங்குதாரரும் ஒப்ப வேண்டும். ஏற்கனவே உள்ள கூட்டில்தான் சேர்க்க முடியும், ஒரு பெரியவரும் ஒரு மைனருமாகக் கூட்டு தொடங்க முடியாது. 18 முடிந்து ஆறு மாதத்துக்குள் விலகுவதாக அறிவிக்காவிட்டால் அந்தப் பிள்ளை முழுப் பங்குதாரர் ஆகிவிடும், கடனோடு சேர்த்து.

9 ஜூன்

“இன்ன மதிப்பில்” என்று மேலே எழுதிவிட்டுப் போய்விட்டேன். சண்டை முழுக்க அந்த இரண்டு சொல்லில்தான் இருக்கிறது.

ஓவர்லாக், பேட்லாக் தையல் மெஷின் எல்லாம் சேர்த்து 10 லட்சத்துக்கு வாங்குகிறீர்கள் என்று வையுங்கள். வருமான வரிக் கணக்கில் மெஷினுக்கு வருடம் 15 சதவீதம் தேய்மானம். மூன்று வருடம் கழித்துப் புத்தகத்தில் அதன் மதிப்பு சுமார் 6.14 லட்சம். சந்தையில் அதற்கு மேலும் போகலாம், கீழும் போகலாம். விலகுகிறவர் சந்தை விலையைப் பிடித்துக்கொள்வார், இருக்கிறவர் புத்தக விலையைப் பிடித்துக்கொள்வார். மெஷினுக்கே இப்படி என்றால், நிறுவனத்தின் பேரில் ஒரு சென்ட் இடம் வாங்கிப் பத்து வருடம் கழித்துப் பிரிகிறவர்களின் நிலையை நினைத்துப் பாருங்கள்.

ஆகவே எழுதுங்கள்: விலகும் தேதியில் புதிதாக ஐந்தொகை (பேலன்ஸ் ஷீட்) எடுக்க வேண்டும். மெஷினுக்கும் இடத்துக்கும் இருவரும் ஒப்புக்கொண்ட மதிப்பீட்டாளர் சொல்லும் விலை. ஒருமித்து வராவிட்டால் ஆளுக்கு ஒருவரை வைத்து இரண்டுக்கும் சராசரி. வராத பாக்கியை எப்படிக் கணக்கில் எடுப்பது. ஆறு மாதத்துக்கு மேல் நிற்கும் பாக்கியை வசூலானபின் பங்கிடுவது என்று வைத்தால் பாதிச் சண்டை குறையும்.

குட்வில்லையும், அதாவது தொழிலின் நற்பெயருக்குள்ள மதிப்பையும், விட்டுவிடாதீர்கள். அதுவும் நிறுவனத்தின் சொத்துதான், ஒப்பந்தம் வேறு மாதிரி சொல்லாதவரை இறந்தவரின் வாரிசுக்கும் அதில் பங்கு உண்டு என்று 1970-லேயே உச்ச நீதிமன்றத் தீர்ப்பு இருக்கிறது. உங்கள் யூனிட்டுக்கு ஆர்டர் வருவது மச்சினனின் முகத்துக்காக. அவர் விலகினால் குட்வில் யாருடையது? உட்கார்ந்து பேசுங்கள். டீட் எழுதும் வேலையில் பாதி இந்தப் பேச்சுதான்.

பணத்தைக் கொடுக்காமல் இழுத்தடித்தால் என்ன ஆகும் என்றும் கேட்டிருந்தீர்கள். 37-ஆம் பிரிவு இருக்கிறது. கணக்குத் தீர்க்காமல் அவர் சொத்தை வைத்துத் தொழிலைத் தொடர்ந்தால், விலகியவரோ வாரிசோ அந்தச் சொத்துக்குரிய லாபத்தைக் கேட்கலாம், அல்லது வருடம் 6 சதவீத வட்டி கேட்கலாம். எது வேண்டும் என்பது அவர்கள் விருப்பம். டீடில் நல்ல வட்டியாக எழுதி வைத்தால் இழுத்தடிக்க யாருக்கும் ஆசை வராது.

10 ஜூன்

செக் கையெழுத்து. இருவரும் சேர்ந்து என்று போடுங்கள். யூனிட்டுக்குத் தினமும் நீங்கள் போக முடியாது என்றால் ஒரு தொகை வரைக்கும் அவர் தனியாக, அதற்கு மேல் இருவரும். கடன் வாங்க இருவர் கையெழுத்தும் கட்டாயம். ஆனால் இது உங்களுக்குள் உள்ள கட்டு. வெளியாள் ஒருவர் இந்தக் கட்டு தெரியாமல், தொழிலின் வழக்கப்படி நூலோ துணியோ கடனுக்குக் கொடுத்துவிட்டால் நிறுவனம் பொறுப்பேற்கத்தான் வேண்டும். பேங்குக்கு டீடின் நகலைக் கொடுக்கும்போது இந்த வரியைக் காட்டிச் சொல்லுங்கள்.

14 ஜூன்

பதிவு. நோட்டரி கையெழுத்து வேறு, நிறுவனப் பதிவு வேறு. இந்தக் குழப்பம் ஏறக்குறைய எல்லோருக்கும் இருக்கிறது. நம் ஊரில் மாவட்டப் பதிவாளர்தான் கூட்டு நிறுவனங்களுக்கும் பதிவாளர். பதிவு கட்டாயமில்லை, பதியாவிட்டால் அபராதமும் இல்லை. அதனால் பலர் விட்டுவிடுகிறார்கள்.

விட்டதன் விலையை 69-ஆம் பிரிவு சொல்லும். பதியாத நிறுவனம் ஒப்பந்தப்படி வரவேண்டிய பணத்துக்கு வெளியாள் மேல் வழக்குப் போட முடியாது. 100 ரூபாய்க்கு மேல் போகாத சின்ன வழக்குகளுக்குத்தான் விலக்கு. பங்குதாரர் பங்குதாரர் மேலும் போட முடியாது, கூட்டைக் கலைக்கவும், கலைந்த கூட்டின் கணக்குக் கேட்கவும், அதன் சொத்தை மீட்கவும் மட்டும் போடலாம். ஜாப் ஒர்க் யூனிட்டின் உயிரே பாக்கி வசூல்தான். தைத்து அனுப்பி, பில் போட்டு, எட்டு லட்சம் நிற்கிறது என்று ஒருவர் என்னிடம் வந்தார். டீட் இருந்தது, ஜிஎஸ்டி இருந்தது, பதிவு இல்லை. எதிர்த் தரப்பு வக்கீல் முதல் வாய்தாவிலேயே 69-ஐ எடுத்துக் காட்டினார்.

வழக்குப் போட்டபிறகு பதிந்தால் அந்த வழக்கு உயிர் பெறாது. பதிந்துவிட்டுப் புதிதாகப் போட வேண்டும், அதற்குள் மூன்று வருடக் காலவரம்பு ஓடிவிடாமல் இருக்க வேண்டும். தொடங்கும்போதே பதிந்துவிடுங்கள். செலவு பெரிதில்லை.

15 ஜூன்

நேற்றையதோடு சேர்த்துப் படிக்க: பதிவேட்டில் இருக்கிற பெயர்களும் முக்கியம். வழக்குப் போடும் அன்று பங்குதாரராக இருக்கிறவர்களின் பெயர் அதில் ஏறியிருக்க வேண்டும். புதிதாக ஒருவரைச் சேர்த்துவிட்டு, பதிவாளருக்குத் தெரிவிக்காமல் இருந்தால் பதிவு இருந்தும் பழைய கதைதான்.

தகராறுக்கு நடுவர் என்ற பிரிவையும் போடுங்கள். குடும்பத்தில் பெரியவர் ஒருவர் பெயரைச் சொன்னீர்கள். அவர் உங்கள் மாமனார். உங்களுக்கும் மச்சினனுக்கும் நடுவில் அவரை உட்கார வைப்பது அவருக்குச் செய்கிற கொடுமை. இரு தரப்பையும் சாராத, கணக்குத் தெரிந்த ஆளாக இருக்கட்டும். பதியாத நிறுவனமானாலும் நடுவர் முன் நடக்கும் விசாரணைக்கு 69 தடையில்லை என்று 2016-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதை நம்பிப் பதியாமல் இருந்துவிட வேண்டாம். வெளியாளோடு உங்களுக்கு நடுவர் ஒப்பந்தம் இருக்கப்போவதில்லை.

22 ஜூன்

சம்பளம். மச்சினனுக்கு மாதம் 25,000 என்று முடிவானதாகச் சொன்னீர்கள். தொகையையோ, கணக்கிடும் முறையையோ டீடில் எழுதியே ஆக வேண்டும். “பங்குதாரர்கள் அவ்வப்போது முடிவு செய்யும் சம்பளம்” என்று பொத்தாம்பொதுவாக எழுதினால் வரித்துறை ஏற்காது, 1996-ஆம் வருடத்துச் சுற்றறிக்கையே இருக்கிறது. டீட் தேதிக்கு முந்தைய மாதங்களுக்குச் சம்பளம் காட்டவும் முடியாது. வரம்பும் உண்டு: லாபத்தில் முதல் 6 லட்சத்துக்கு 3 லட்சம் அல்லது 90 சதவீதம், எது அதிகமோ அது. மீதிக்கு 60 சதவீதம். இது உழைக்கும் பங்குதாரர் எல்லோருக்கும் சேர்த்து. உங்கள் முதலுக்கு வட்டி 12 சதவீதம் வரை கழியும்.

2025 ஏப்ரலிலிருந்து வந்தது ஒன்று: பங்குதாரருக்குக் கொடுக்கும் சம்பளம், வட்டி, கமிஷன் எல்லாம் சேர்ந்து வருடத்துக்கு 20,000 ரூபாயைத் தாண்டினால் 10 சதவீதம் டிடிஎஸ் (கொடுக்கும்போதே பிடித்துக் கட்டும் வரி) பிடிக்க வேண்டும். கையில் கொடுக்காமல் அவர் கேபிடல் கணக்கில் வரவு வைத்தாலும் பிடிக்க வேண்டும். லாபப் பங்குக்கும், போட்ட முதலைத் திரும்ப எடுப்பதற்கும் கிடையாது. ஆகவே மாதாமாதம் எடுக்கிற பணம் சம்பளமா, ட்ராயிங்ஸா (சொந்தச் செலவுக்கு எடுப்பதா) என்று கணக்கில் பிரித்து எழுதுங்கள்.

30 ஜூன்

“இவ்வளவு தொல்லைக்கு எல்எல்பியே போட்டுட்டா என்னங்க?”

போடலாம். எல்எல்பி என்றால் பொறுப்பு வரம்புள்ள கூட்டு நிறுவனம், 2008-ஆம் வருடத்துச் சட்டம். கடனுக்குப் பொறுப்பு நீங்கள் ஒப்புக்கொண்ட முதலோடு நிற்கும், ஒருவர் இறந்தாலும் நிறுவனம் நிற்கும், ஆறு மாதத்துக்குள் இரண்டாவது ஆளைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். அப்பாவின் நிறுவனம் எல்எல்பியாக இருந்திருந்தால் அந்தக் கணக்கு அப்படி நின்றிருக்காது என்று பலமுறை நினைத்திருக்கிறேன். அந்தக் காலத்தில் அப்படி ஒன்று இல்லை.

ஆனால் எழுதும் வேலை அதிலும் குறையாது. நிறுவனம் உருவான 30 நாளுக்குள் எல்எல்பி ஒப்பந்தத்தைப் படிவம் 3-இல் தாக்கல் செய்ய வேண்டும். எழுதாமல் விட்டதைச் சட்டத்தின் முதல் அட்டவணை நிரப்பும், அங்கேயும் லாபம் சமம், சம்பளம் கிடையாது. மே 30-க்குள் படிவம் 11, அக்டோபர் 30-க்குள் படிவம் 8, தொழில் நடக்காத வருடத்திலும். விற்றுமுதல் 40 லட்சத்தையோ பங்குதாரர் போட்ட முதல் 25 லட்சத்தையோ தாண்டினால் ஆடிட். பொறுப்பு முதலோடு நிற்கும் என்றேன் அல்லவா, பேங்கில் சிசி லோன் (தொழில் நடத்த வாங்கும் கேஷ் கிரெடிட் கடன்) வாங்கும்போது இருவரையும் சொந்த ஜாமீன் கையெழுத்துக் கேட்பார்கள். அங்கே அந்தப் பாதுகாப்பு போய்விடும். நூல் கடன், துணிக் கடன் மாதிரியானவற்றுக்குத்தான் அது மிஞ்சும்.

15 லட்சத்தில் தொடங்கும் பவர்டேபிளுக்கு நான் சாதாரணக் கூட்டையே சொல்வேன், டீட் ஒழுங்காக இருந்தால். எக்ஸ்போர்ட் ஆர்டர், பெரிய கடன் என்று வளரும்போது மாறிக்கொள்ளலாம்.

1 ஜூலை

பிரைவேட் லிமிடெட் பற்றிக் கேட்டவருக்கு ஒன்று மட்டும். அங்கே மெமோரண்டமும் (கம்பெனியின் நோக்கம் சொல்லும் ஆவணம்) ஆர்ட்டிகிள்ஸும் (உள் விதிகள்)தான் ஆட்சி. அண்ணன் தம்பிகள் தனியாக ஒரு பேப்பரில், வெளியாளுக்குப் பங்கு விற்கக் கூடாது என்று எழுதி வைத்துக்கொள்கிறார்கள். தமிழ்நாட்டிலிருந்து போன ரங்கராஜ் வழக்கு அதைப் பற்றியதுதான். மொத்தம் 50 பங்கு, குடும்பத்தின் இரண்டு கிளைக்கும் பாதிப் பாதி, பங்கு அந்தந்தக் கிளைக்குள்தான் கைமாற வேண்டும் என்று பேச்சு. ஆர்ட்டிகிள்ஸில் அது இல்லை. ஆகவே அது கம்பெனியையும் கட்டுப்படுத்தாது, பங்குதாரரையும் கட்டுப்படுத்தாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. குடும்பத்துக்குள் முடிவானதை ஆர்ட்டிகிள்ஸில் ஏற்றுங்கள். இணையத்தில் கிடைக்கிற டேபிள் எஃப்-ஐ (சட்டம் தரும் மாதிரி ஆர்ட்டிகிள்ஸ்) அப்படியே ஒட்டிவிட்டுப் போகாதீர்கள்.

12 ஜூலை

நீங்கள் அனுப்பிய வரைவைப் படித்தேன். மதிப்பீடு, மரணம், சம்பளம் எல்லாம் வந்துவிட்டது. மச்சினன் கேட்டதாகச் சொன்ன வரி, அவர் விலகினால் ஓவர்லாக் இரண்டையும் முதலில் அவருக்கே விலைக்குத் தர வேண்டும் என்பது, நியாயமான வரி. விட்டுவிடாதீர்கள்.

இரண்டு திருத்தம். “எந்தப் பங்குதாரரும் ஒரு மாத நோட்டீஸில் விலகலாம்” என்பதை ஆறு மாதமாக்குங்கள், சீசன் நடுவில் ஒருவர் போனால் ஆர்டர் நிற்கும். விலகியதை அரசிதழிலும், உள்ளூரில் ஓடுகிற தமிழ்ப் பத்திரிகை ஒன்றிலும் அறிவித்து, பதிவாளருக்கும் தெரிவிக்க வேண்டும் என்றும், அந்தச் செலவு நிறுவனத்துடையது என்றும் சேருங்கள். இதைச் செய்யாதவரை, விலகியபின் மற்றவர் வாங்குகிற கடனுக்கும் விலகியவரைக் கேட்கலாம். அவரைப் பங்குதாரர் என்று தெரியாமலே கடன் கொடுத்தவர் மட்டும் கேட்க முடியாது.

ஜிஎஸ்டி எண் எடுக்கும்போதும் இதே டீடைத்தான் ஏற்றுவீர்கள். பின்னால் பங்குதாரர் மாறினால் அங்கே 15 நாளுக்குள் திருத்த வேண்டும். முத்திரைத்தாள் மதிப்பைப் பதிவுத்துறையிலேயே கேட்டுக்கொண்டு வாங்குங்கள், பழைய டீடைப் பார்த்து வாங்க வேண்டாம். கையெழுத்துப் போடும் முன் மச்சினனுக்கு இதை முழுக்கத் தமிழில் படித்துக் காட்டுங்கள். அவர் ஏதாவது கேட்டால் இங்கே எழுதுங்கள், பதில் சொல்கிறேன்.